குளோரின் அத்தானின் கங்கைச் சொம்பு

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் குளோரின். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகைத் திருப்பியவுடன் சொல்வார்கள். எனக்கு உறவு என்பதால் ‘குளோரின் அத்தான்’ என்று மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். உலகத்து ஜனங்களை அவர் இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தார்: தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்கள், கொதிக்க வைக்காமல் குடிக்கிறவர்கள். இரண்டாவது ரகத்தோடு அவர் சிரித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

ஒரு வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுக்கப் போனால் அவர் பண்ணுகிற அமர்க்களத்தைப் பார்க்க வேண்டும். முதலில் குழாயின் வாயைத் துடைப்பார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி அந்த வாயைச் சுட்டெடுப்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிடுவார். வீட்டுக்காரி “ஐயோ, தண்ணி வீணாப் போகுதே” என்று பதறினாலும் அசைய மாட்டார். அதற்கப்புறம்தான் பாட்டிலைத் திறப்பார். மூடியைக் கீழே வைக்காமல் சுண்டுவிரலில் இடுக்கிக்கொள்வார். எண், தேதி, மணி, இடம், கையெழுத்து எல்லாம் ஆன பிறகு பாட்டில் ஐஸ் பெட்டிக்குள் போகும். கூடத்தில் இரண்டு நாள் சூட்டுப் பெட்டியில் வைத்து, கண்ணாடிக் குழலுக்குள் கிருமியின் குமிழி வந்திருந்தால் ‘குடிக்கத் தகுந்ததல்ல’ என்று முத்திரை குத்துவார். ஒருமுறை தன் மேலதிகாரி வீட்டுத் தொட்டித் தண்ணீருக்கே அந்த முத்திரையைக் குத்திவிட்டார்.

மேலதிகாரி கூப்பிட்டு, “கொஞ்சம் பாத்து எழுதியிருக்கக் கூடாதா?” என்று கேட்டாராம்.

“பாத்துத்தான் சார் எழுதினேன். ரெண்டு தடவ பாத்தேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இந்த மகானுபாவர். அதற்கப்புறம் ஆறு வருஷத்துக்கு அவருக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பொய் என்பது அவர் வாயில் வராது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அக்கா வைத்த குழம்பைப் பற்றிக் கேட்டதற்குக்கூட உண்மையைச் சொல்லி, இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டவர்.

இதையெல்லாம் வைத்து அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் குளிக்கப் போனால் கங்கையில் ஆரம்பித்து ஏழு நதிகளையும் பெயர் சொல்லி பக்கெட்டுக்குள் கூப்பிட்டுவிட்டுத்தான் முதல் சொம்பு தண்ணீர் தலையில் விழும். குழாயில் வருவது எட்டாம் நம்பர் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர். அதில் எத்தனை பங்கு குளோரின் இருக்கிறது என்பது ஊரிலேயே அவருக்குத்தான் தெரியும். ஆனாலும் கூப்பிட்டால் கங்கை வருவாள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இருந்ததில்லை.

இப்போது சொம்புக்கு வருகிறேன். அத்தானின் பெரியப்பா ஒருவர் அந்தக் காலத்தில் யாத்திரை போய், பெரிய செப்புச் சொம்பில் கங்கைத் தண்ணீர் பிடித்து, வாயை ஈயம் வைத்து அடைத்துக் கொண்டுவந்தார். உயிர் பிரிகிற நேரத்தில் ஒரு வாய் கங்கை உள்ளே இறங்கிவிட்டால் பாவமெல்லாம் கரைந்து, போகிற உயிருக்கு வழி லேசாகிவிடும் என்பது நம்பிக்கை. அதற்காகத்தான் அப்படி ஒரு சொம்பைச் சாமி அலமாரியில் வருஷக்கணக்காகக் காத்து வைத்திருப்பார்கள். அத்தானின் அப்பா கடைசி மூச்சு வாங்கியபோது ஈயத்தை உடைத்தார்கள். அவருக்குச் செலவானது மூன்று ஸ்பூன். மீதி ஒன்றரை லிட்டர் அப்படியே இருந்தது.

தெருவுக்கு அது தெரிந்துபோனது. அப்புறம் என்ன, யார் வீட்டில் யாருக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் முதல் ஆள் டாக்டரைக் கூப்பிட ஓடுவான், இரண்டாவது ஆள் அக்கா வீட்டுக்கு ஓடி வருவான். அக்கா புடவையை மாற்றிக்கொண்டு, சொம்பை ஒரு மஞ்சப்பையில் வைத்து, சின்ன வெள்ளி ஸ்பூனோடு கிளம்பிவிடுவாள். பின்னாலேயே அத்தான், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு. இப்படிப் பத்தொன்பது வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் போகாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெருமையும் சொம்புக்கே போய்ச் சேர்ந்தது. தெருவில் அக்காவுக்கு இருந்த மரியாதை டாக்டருக்குக் கிடையாது.

எங்கள் அம்மாவுக்கும் அக்கா கையால்தான் கங்கை. அம்மா கடைசி மூன்று மாதம் அக்கா வீட்டில்தான் இருந்தாள். ஆயுசு முழுக்க ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு, அந்த ஆற்றை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அப்புறம் எனக்குக் கடை, அப்புறம் அவளுக்கு முழங்கால். நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியே அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டோம். அக்கா முதல் ஸ்பூனை ஊற்றியபோது அம்மா கண்ணைத் திறந்து, “கங்கை வந்துட்டாளா?” என்று கேட்டாள். “வந்துட்டாம்மா” என்றாள் அக்கா. அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அம்மா முகத்தில் அப்போது வந்த தெளிவைப் பற்றி அக்கா பேசாத மாதம் இல்லை.

போன வருஷம் அக்காவுக்கே இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. நெஞ்சைத் திறந்துதான் சரிபண்ண வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை அட்மிஷன். அக்கா பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே அத்தானிடம், “அந்தச் சொம்ப மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போவேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் என் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு பிரேமுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் உள்ளே வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டேய், அந்தச் சொம்புல இருக்கறது கங்கை இல்லடா.”

“பின்ன?”

“எட்டாம் நம்பர் தொட்டி.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான்: ஒரு நாள் அவருக்குள் இருந்த பரிசோதகன் சும்மா இருக்க முடியாமல், சொம்பிலிருந்து நூறு மில்லி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போயிருக்கிறான். மாதிரி எண் ஏழு, இடம் ‘வீடு, சாமி அலமாரி’ என்று எழுதி. இரண்டு நாளில் குழல் எல்லாம் குமிழி.

“கொதிக்க வைக்காத தண்ணிய நோயாளிங்க வாயில ஊத்திட்டு இருந்திருக்கேன்டா!”

“சாகப்போறவங்களுக்குக் கிருமி போனா என்ன அத்தான், செத்தா போயிடுவாங்க?”

“ரெண்டு பேர் எந்திரிச்சு உக்காந்தாங்களே! அவங்களுக்கு வயித்தால போயிருந்தா?”

ஆகவே அவர் அந்தத் தண்ணீரைப் பால்கனியில் இருந்த ரோஜாத் தொட்டியில் கும்பிட்டு ஊற்றியிருக்கிறார். சொம்பைக் கழுவி, வெந்நீர் விட்டு அலசி, இருபது நிமிஷம் கொதித்து ஆறிய குழாய்த் தண்ணீரை நிரப்பியிருக்கிறார். மாசாமாசம் முதல் திங்கட்கிழமை அதை மாற்றி, பரிசோதித்து, ‘குடிக்கத் தகுந்தது’ என்று தனக்குத்தானே ரிப்போர்ட்டும் எழுதி வைத்திருக்கிறார். ஊற்றும்போது மறக்காமல் கங்கையைக் கூப்பிட்டுத்தான் ஊற்றினாராம்.

“தினம் பக்கெட்டுக்கு வர்றவ சொம்புக்கு வரமாட்டாளா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

“அப்ப அக்காகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“அவ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். அவருடைய உண்மைக்கு இப்படி ஒரு ஓட்டை இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“எத்தன வருஷமா நடக்குது இந்தக் கூத்து?” என்றேன், இன்னும் சிரித்துக்கொண்டே.

“பதினோரு வருஷம் ஆச்சு.”

என் சிரிப்பு நின்றது. அம்மா போனது அதற்கப்புறம்தான் என்று கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. அத்தானும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“அத்தைக்குன்னு நான் தனியா, அரை மணி நேரம் கொதிக்க வச்சேன்டா” என்றார் மெதுவாக.

“வெளிய போங்க அத்தான்” என்றேன். அவர் போகவில்லை. நான்தான் பின்பக்கம் போய், லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் வெறுமனே நின்றேன். அம்மாவுக்கு நான் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தால் இவர் சொம்பை நம்பி அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் மேலேயே போட்டேன். வேறு எங்கே போடுவது?

திரும்பி வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். “உங்க அக்காவுக்கு மட்டும் நிஜத்தண்ணி வேணும்டா. அவ தெரியாம குடிச்சிட்டு உள்ள போயி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா…” என்றார். கடையை அடைத்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

முதலில் இணையத்தில் தேடினோம். ஒரே நாளில் வீட்டு வாசலில் கங்கை என்றார்கள். திங்கட்கிழமை சொன்னபடி ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது, மூடியில் தாமரைப் பூ படத்தோடு. அத்தான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். ‘ஏழு கட்டமாக வடிகட்டி, ஓசோன் முறையில் சுத்திகரிக்கப்பட்டது. கிருமிகள் அறவே அற்றது.’

“இதைத்தானடா நானும் பண்ணேன்! இவன் பண்ணா கங்கை, நான் பண்ணா குழாய்த் தண்ணியா?” என்று கத்தினார். அந்தப் பாட்டில் தண்ணீரைத் துணி துவைக்க ஊற்றிவிட்டார்.

அடுத்தது அடுத்த தெரு பேங்க் மேனேஜர். போன வருஷம் குடும்பத்தோடு யாத்திரை போய் வந்து, வீட்டுக்கு வீடு கங்கை கொடுத்தவர். ஐந்து லிட்டர் கேனில் கொஞ்சம் மீதி இருந்தது, குளிர்சாதனப் பெட்டியில் ஆரஞ்சு ஜூஸுக்குப் பக்கத்தில். செவ்வாய்க்கிழமை அக்காவை அட்மிட் பண்ணிய கையோடு போனோம். மேனேஜர் உருகிப்போனார். குளித்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? வாய் சும்மா இருக்குமா நம்ம ஆளுக்கு?

“எத்தன மணிக்கு எடுத்தீங்க?”

“காலையில சார்… ஒரு ஆறு, ஆறரை இருக்கும்.”

“ஓரத்துலயா, நடு ஆத்துலயா?”

“படித்துறையில இருந்து… கொஞ்சம் தள்ளி.”

“கேன் புதுசா, பழசா? மூடியில சீல் இல்லையே, நடுவுல தொறந்தீங்களா?”

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. உள்ளே மனைவி இருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்தார். எங்களை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார். “சார், உங்ககிட்ட மறைக்க முடியல. ரூமுக்கு வர்றதுக்குள்ள கேன் கவுந்து பாதி கொட்டிடுச்சு. ஓட்டல் பாத்ரூம் குழாய்லதான் ரொப்பினேன். ஆனா ஒண்ணு சார், அந்த ஊர்ல குழாய்லயும் கங்கைதான வரும்?”

அத்தான் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “குளோரின் போட்டிருப்பான்” என்று கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம். பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாலிச் சங்கிலி, வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டதில் முகமே சின்னதாகத் தெரிந்தது. அத்தான் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசாமல் ஊற்றிவிடுங்கள் என்று மாடிப்படி முழுக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

“குடுங்க” என்று அக்கா கையை நீட்டினாள்.

அத்தான் சொம்பை வெளியே எடுத்தார். ஸ்பூனை எடுத்தார். மூடியில் கை வைத்தார். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். ரோஜாத் தொட்டி, எட்டாம் நம்பர், மாதிரி எண் ஏழு எல்லாம் வெளியே வந்துவிட்டது. எத்தனை வருஷம் என்பது மட்டும் அழுகையில் நின்றுபோயிருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் உதடு அசைந்தது. வீடு வீடாக எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பாதியில் எண்ணுவதை நிறுத்தினாள்.

“அம்மாவுக்கு?” என்றாள்.

நாளைக்கு நெஞ்சைக் கீறப்போகிறார்கள். கேட்கப்பட்டுவிட்டது கேள்வி, பதில் சொல்லப்போகிறவரோ பொய்யே வாயில் வராத மனிதர். நான் அத்தானைப் பார்த்தேன். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். “அத்தைக்குக் குடுத்தது அசல் கங்கைம்மா. அத்தை காரியமெல்லாம் முடிஞ்சு நாலாவது மாசம்தான் நான் டெஸ்ட் பண்ணேன். ஒரு செவ்வாக்கிழம. அன்னிக்கு ஆபீஸ்ல கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் போட்டுத்தான் பாத்தேன்” என்றார். குரல் நடுங்கவே இல்லை. அடேயப்பா, ஜெனரேட்டரை எங்கிருந்து பிடித்தார் மனிதர்!

அக்கா என் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்க்கா. அப்பவே என்கிட்ட சொன்னார். செவ்வாக்கிழமதான்” என்றேன்.

“அப்ப நீயும் கூட்டா? ஏழு வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று ஆரம்பித்தாள் பாருங்கள், பக்கத்துப் படுக்கைக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நெஞ்சு வலிக்காரி அப்படித் திட்டக் கூடாது. என்னைத் திட்டத் திட்ட அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. வாங்கிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

திட்டி முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். “சரி, ஊத்துங்க” என்றாள் அத்தானிடம்.

“இது வெறும் குழாய்த் தண்ணிம்மா.”

“தெரியுது, ஊத்துங்க. அம்மாவுக்குக் கிடைச்சுதுல்ல, அது போதும் எனக்கு. மிச்ச வீட்டுக்கெல்லாம் நான் எந்திரிச்சு வந்து பதில் சொல்லிக்கறேன்.”

மூன்று ஸ்பூன் ஊற்றினார். இரண்டாவது ஸ்பூன் தலையணையில் சிந்தியது. நர்ஸ் வந்து மணியைக் காட்டி எங்களை வெளியேற்றினார். வராந்தாவில் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவசியத்துக்கு மேல் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிட்டே போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். மூன்றாவது மாதம் டாக்டர் நடக்கலாம் என்றதும் முதல் காரியமாக எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். அவள் கணக்கில் அம்மாவுக்குப் பிறகு ஐந்து வீடு. கதவைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்து, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நாங்கள் கொடுத்தது கங்கை இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினாள். அடி விழும் என்று நான் வாசல் பக்கமாகவே நின்றேன். தையல்காரர் மட்டும் கொஞ்சம் முறைத்தார். அப்புறம் அவரே, “விடுங்கம்மா, எங்கப்பா எழுபது வருஷம் குடிச்சது அந்தத் தொட்டித் தண்ணிதான். பழகின ருசி. அதான் நிம்மதியாப் போனார்போல” என்றார். மற்ற வீடுகளில் காபி கொடுத்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டு அனுப்பினார்கள். நிஜமாகப் போக வேண்டிய வீடுகளில், அம்மாவுக்கு முன்னால் அந்தத் தண்ணீர் கொடுத்தவற்றில், இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியாமல் அத்தானும் நானும் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆனால் ஒவ்வொரு வீட்டிலும், எழுந்து கிளம்பும்போது அக்கா ஒன்று சொல்வாள். இப்போதும் யார் வந்தாலும் சொல்கிறாள், கடைக்கு வருகிற என் வாடிக்கையாளர்களிடம்கூட. “எங்கம்மாவுக்கு மட்டும் அசல் கங்கை கிடைச்சுது. எங்கம்மா கொடுத்து வச்சவ” என்பாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தான் தரையைப் பார்ப்பார், நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். அவள் இன்னும் நூறு வருஷம் இருந்து, அதையே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.